'ஹாய் குட்டீஸ்' வேணாம் சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க சிறுவர் இணைப்புல இப்ப சினிமா விமர்சனமும் வருது, பாத்ததும் சந்தோஷமாதான் இருந்துச்சு. ஆனா நாலஞ்சு வாரமா படிச்சிட்டு வரேன், அது பசங்களுக்கு எழுதுன மாதிரியே இல்ல, அவங்க அப்பா அம்மாவுக்கு எழுதிட்டு மேல 'ஹாய் குட்டீஸ்'னு ஒரு வரி ஒட்டின மாதிரி இருக்கு. முதல்ல அந்த குட்டீஸை எடுத்துடுங்க சார், ஏழாவது படிக்கிறவன குட்டீஸ்னு கூப்பிட்டா அந்தப் பக்கத்தையே திருப்பிடுவான்.

நான் ஆத்தூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில தமிழ் எடுக்குறேன். அரசுப் பள்ளிகள்ல சிறார் படம் போட்டுக் காட்டுற திட்டம் 2022ல வந்ததுலேர்ந்து படம் முடிஞ்சதும் பசங்கள விமர்சனம் எழுத வைக்கிறது என் தலையிலதான். என்ன படம் போட்டாலும் பாதிப் பேப்பர்ல ஒரே மாதிரி இருக்கும், 'ஒளிப்பதிவு அருமை, பின்னணி இசை படத்துக்குப் பலம், இரண்டாம் பாதியில் சற்று தொய்வு, குடும்பத்தோடு ஒருமுறை பார்க்கலாம்'. ஒளிப்பதிவுன்னா என்னடான்னு கேட்டா முழிக்கிறான். எங்கேர்ந்து எடுத்தான், நம்ம பேப்பர்லயும் யூடியூப்லயும் இருந்துதான்.

காக்கா முட்டை படம் பாத்த அன்னிக்கு இப்படி எழுதுன ஒரு பையன்கிட்ட, இதெல்லாம் ஒரு பக்கம் வச்சிட்டு உனக்கு எது மனசுல நிக்குதுன்னு சொல்லுன்னேன். மடமடன்னு ஆரம்பிச்சான், 'மிஸ் பீட்சா 299 ரூவா, அதுக்காக அந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரும் தண்டவாளத்துல விழுந்து கெடக்குற கரிய பொறுக்கி வித்து காசு சேக்குறாங்க, அந்தக் கடை இருக்கிற எடத்துலதான் முன்னாடி அவங்க காக்கா முட்டை எடுத்துக் குடிக்கிற மரம் இருந்துச்சு, இப்ப அந்த எடத்துக்குள்ளயே அவங்கள விட மாட்டேங்கிறாங்க, காசு இருந்தும் ஏன் மிஸ் விடல?' இதுதானே சார் விமர்சனம்! மணிகண்டன் எடுத்த அந்தப் படத்துக்கு சிறந்த குழந்தைகள் படம்னு தேசிய விருது குடுத்தாங்க, நடிச்ச ரெண்டு பசங்களுக்கும் விருது கெடைச்சது, அந்தத் தகவல் எல்லாம் போடுங்க, வேணாங்கல, ஆனா இந்தப் பையன் கேட்ட கேள்வி இல்லாம வெறும் விருதுப் பட்டியல் மட்டும் போட்டா அவனுக்கு அதுல என்ன இருக்கு.

அப்புறம் கதையச் சொல்ற விஷயம். உங்க ஆளு ஒரு படத்தோட கிளைமாக்ஸ் வரைக்கும் சொல்லிட்டு கடைசியில 'மீதியை வெண்திரையில் காண்க'ன்னு போட்டிருந்தாரு, மீதி என்ன இருக்கு சார், எண்ட் டைட்டிலா? எங்க நிறுத்தணும்னு தெரியறதுலதான் பாதி வேலை இருக்கு. மஜீத் மஜீதியோட சில்ட்ரன் ஆஃப் ஹெவன்னு 1997ல வந்த ஈரான் படம், அண்ணன் தங்கச்சியோட ஷூவைத் தொலைச்சிடுவான், வீட்ல சொன்னா அடி, புதுசு வாங்கக் காசில்ல, அதனால அவனோட ஒரே ஷூவை ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டுக்குவாங்க, அவ காலையில ஸ்கூல் போய்ட்டு ஓட்டமா ஓடி வந்து கழட்டிக் குடுத்தாதான் இவன் மதியம் போக முடியும். ஒரு ஓட்டப்பந்தயம் வருது, அதுல மூணாவது வந்தா பரிசு ஷூ. முதலாவது இல்ல, மூணாவது! அவ்ளோதான், இதோட நிறுத்திடணும், இதுக்கு மேல ஒரு வார்த்தை எழுதுனாலும் அந்தப் புள்ளைங்ககிட்ட இருந்து ஒன்ன புடுங்குன மாதிரி.

பெரியவங்களுக்கு எழுதுறப்ப வராத கேள்வி எல்லாம் பசங்க கேப்பாங்க. படத்துல வர்ற நாய்க்கு எதாவது ஆயிடுமா? பேய் திடீர்னு வருமா, இல்ல சொல்லிட்டு வருமா? அப்பா செத்துடுவாரா? சிரிக்காதீங்க, அப்பா இல்லாத புள்ளைங்க என் கிளாஸ்லயே இருக்கு, அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சா மனச தயார் பண்ணிட்டு உக்காருவாங்க. இத மட்டும் கதையக் கெடுக்காம ஒரு வரியில சொல்லத் தெரிஞ்சவர எழுத வைங்க.

சென்சார் சர்டிஃபிகேட்டும் அப்படித்தான், சும்மா யு/ஏன்னு போட்டா போதாது. 2024லேர்ந்து அதுல 7+, 13+, 16+னு மூணு வகை வந்துடுச்சு, இது பாதி அப்பா அம்மாவுக்கே தெரியாது. 13+ன்னா பன்னெண்டு வயசுப் பையன தியேட்டர்ல வெளிய நிறுத்துவாங்கன்னு நெனைக்கிறாங்க, அப்படி இல்ல, அது வீட்ல இருக்கிறவங்க யோசிச்சு முடிவு பண்ண வேண்டியது, ஏ சர்டிஃபிகேட் படத்துக்குதான் 18க்குக் கீழ விடக் கூடாது. எதுக்காக 13+ குடுத்திருக்காங்க, வெட்டுக்குத்தா, சிகரெட்டா, கெட்ட வார்த்தையா, அத பசங்களுக்குப் புரியற மாதிரி எழுதுங்க. ஹீரோ அடிக்கிறது மட்டும் ஏன் நமக்கு வலிக்கவே மாட்டேங்குதுன்னு ஒரு கேள்வி போட்டுப் பாருங்களேன், ஒரு வாரத்துக்கு கிளாஸ்ல பேச்சு ஓடும்.

ஸ்டார் ரேட்டிங்கும் எனக்குப் பிடிக்கல. மூணரை ஸ்டார்னு பாத்ததும் கீழ இருக்கிறத படிக்கவே மாட்டேங்கிறாங்க, நல்ல படமா மொக்கையான்னு அவனே சொல்லட்டும்.

முடிஞ்சா மாசத்துல ஒரு வாரம் பசங்க எழுதுனதையே போடுங்க, ஆனா ஒரு கண்டிஷன், எழுத்துப் பிழைய மட்டும் திருத்துங்க, 'செம போர் அடிச்சுது'ன்னு எழுதியிருந்தா அத 'சுவாரசியம் குறைவு'ன்னு மாத்தாதீங்க.

இன்னொண்ணு, படம் எவ்ளோ நேரம் ஓடும்னு மறக்காம போடச் சொல்லுங்க. எங்களுக்கு கெடைக்கிறது ரெண்டு பீரியட், ரெண்டரை மணி நேரப் படம்னா இன்டர்வெல்லோட நிறுத்திட்டு மீதிய அடுத்த நாள்தான் போட முடியும்.

அன்புடன்,
ஒரு தமிழ் டீச்சர்,
ஆத்தூர், சேலம் மாவட்டம்