அந்த 212 மணி நேரம்

அன்புள்ள கண்ணுவுக்கு,

தோட்ட வேலைக்கு மண் தோண்டுகிற வண்டி சொந்தமாக வாங்கப் போகிறேன் என்று நீ போனில் சொன்னபோது நான் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று உனக்கு வருத்தம். பேசினால் சண்டையில் முடியும் என்றுதான் வாயை மூடிக்கொண்டேன். எழுதினால் ஒரு வசதி, நீ குறுக்கே பேச முடியாது.

அப்பா வாங்கிய வண்டி உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. மூன்றரை டன் மினி பொக்லைன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஏறி உட்கார்ந்து, லிவரைப் பிடித்துக்கொண்டு, வாயாலேயே ‘டுர்ர்’ என்று ஓட்டுவாய். அந்த வருடம் அதை அதிகம் ஓட்டியது நீதான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டுகிற ஹவர் மீட்டரில் வாங்கிய அன்று என்ன எண் இருந்ததோ அதைக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் குறித்து வைத்திருந்தேன். வருடம் முடிந்ததும் போய்ப் பார்த்தேன். 212 மணி நேரம் கூடியிருந்தது. நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தாலும் முப்பது நாள்கூட இல்லை. பன்னிரண்டு மாதத் தவணையும் தவறாமல் போயிருந்தது.

வேலை இல்லாமல் நின்றது என்று நினைக்காதே. வேலை இருந்தது, வண்டியால் உள்ளே போக முடியவில்லை. அதன் அகலம் ஒன்றரை மீட்டருக்கு மேல். நாங்கள் தோட்டம் போட்ட வீடுகளில் பாதிக்கு மேல், பின்பக்கத் தோட்டத்துக்குப் போகிற வழி சுவருக்கும் வேலிக்கும் நடுவே ஒரு மீட்டர் சந்துதான். அப்பா பத்து வருடம் அந்தச் சந்துகளில் தள்ளுவண்டி தள்ளியவர். அவருக்குத் தெரியாத சந்தா? ஆனால் வண்டி பார்க்கப் போன இடத்தில் அது பக்கெட்டைத் தூக்கி இறக்கிக் காட்டியதும் எல்லாம் மறந்துவிட்டது. நீ எனக்கு அனுப்பிய வீடியோவிலும் வண்டி பக்கெட்டைத் தூக்கி இறக்கிக்கொண்டுதான் இருக்கிறது.

அடுத்து நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன். தவணை கட்ட வேண்டும், அதனால் வண்டிக்குத் தீனி தேட ஆரம்பித்தோம். தோட்டத்தில் தீனி இல்லை. அப்பா கட்டடக்காரர் ஒருவரிடம் வாய்க்கால் தோண்டுகிற வேலையைக் குறைந்த ரேட்டுக்குப் பிடித்தார். வண்டி ஓடியது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அவரிடமிருந்து பணம் வர நான்கு மாதம் ஆனது. அதற்குள் செடி நட வேண்டிய காலம் போய்விட்டது, வழக்கமாக வருகிற இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். செடி வைப்பதில் அப்பாவுக்கு இருந்த கை உனக்கும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு அவர் ஒன்றரை வருடம் வாய்க்கால் தோண்டினார். என்ன வேலை எடுப்பது என்பதை அப்போது வண்டிதான் முடிவு செய்தது, நாங்கள் இல்லை.

வண்டியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நீ இப்போது செய்கிற குளத்தையே எடுத்துக்கொள். ஆறு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் என்றால் 24 கன மீட்டர். ஒரு கன மீட்டர் மண் சுமாராக ஒன்றரை டன். தோண்டி வெளியே போட்டதும் மண் உப்பிக்கொள்ளும், கால் பங்கு கூடும், ஆக 30 கன மீட்டர். தள்ளுவண்டி ஒன்று 80 லிட்டர் பிடித்தால் 375 நடை. அதைக் கையால் செய்யச் சொல்ல நான் யார்? உன் ஆட்களின் முதுகைப் பற்றி நீ கவலைப்பட்டதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் அந்த 30 கன மீட்டரும் வெளியே போக வேண்டுமே. வண்டி பத்து நிமிடத்தில் லாரியை நிரப்பிவிடும். லாரி போய்க் கொட்டிவிட்டுத் திரும்பி வர ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் ஆபரேட்டர் எஞ்சினை அணைக்காமல் போன் பார்த்துக்கொண்டிருப்பார். டீசல் எரியும், ஹவர் மீட்டரும் ஓடும். அந்த மணி நேரத்தையும் சேர்த்துத்தான் சர்வீஸ் வரும், விற்கும்போது விலையும் குறையும். ஆகவே நீ தடுமாறுகிற இடம் தோண்டுவதா, மண்ணை வெளியேற்றுவதா என்று கொஞ்சம் பார். எனக்கென்னவோ உனக்குப் பொக்லைனைவிட சந்துக்குள் போய் மண்ணைச் சுமந்து வந்து கொட்டுகிற சின்ன டம்பர் வண்டிதான் முதலில் வேண்டியிருக்கும் என்று படுகிறது. நேரில் பார்க்காமல் சொல்கிறேன், தப்பாகவும் இருக்கலாம்.

இப்போது கணக்கு. உன் வாடகை ரசீதுகளை எல்லாம் எடு, பன்னிரண்டு மாதத்துக்கும். பணத்தில் பார்க்காதே, நாளில் பார். அன்றைக்கு எங்களுக்கு மாதத் தவணை ஒன்பது நாள் வாடகைக்குச் சமம். அத்தோடு விட்டதா? இன்சூரன்ஸ், சர்வீஸ், டிரெய்லர், நிறுத்துகிற இடம் எல்லாம் சேர்ந்து இன்னொரு ஐந்து நாள். மாதத்தில் வேலை நாள் இருபத்தைந்து என்றால் பதினான்கு நாள் ஓடினால்தான் கைக்கும் வாய்க்கும் சரி. பத்து நாளில் ஆறு நாளாவது ஓடாத வண்டியை வாங்காதே, வாடகைக்கு எடு என்று இந்தத் தொழிலில் ஒரு வாய்க்கணக்கு உண்டு. எங்கள் நோட்டும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னது. நீ மாதம் ஆறு ஏழு நாள் எடுக்கிறாய் என்றாய். மழை மாதத்திலும் ஆறா? டைரியைப் பார்த்துச் சொல், நினைவிலிருந்து சொல்லாதே. நினைவில் நல்ல மாதம்தான் நிற்கும்.

வாடகையிலும் வயிற்றெரிச்சல் உண்டு, தெரியும். சீசனில் வண்டி கிடைக்காது. அரை நாள் வேலைக்கு முழு நாள் காசு. அந்த நாட்களையும் தனியாகக் குறித்து வை. வண்டி கிடைக்காததால் கைவிட்ட வேலை எத்தனை என்று தெரிந்தால் வாங்குகிற பக்கமும் தராசு இறங்கலாம். இறங்கினால் நானே கையெழுத்துப் போட வருகிறேன். ஒன்று மட்டும், மூன்று மாதத் தவணைக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் முன்பணம் கட்ட வேண்டும். செடி வாங்குகிற காசில் கை வைக்கக் கூடாது.

பழைய வண்டி பார்ப்பதாக இருந்தால் காலையில் போ. அவர்கள் ஸ்டார்ட் செய்வதற்கு முன் எஞ்சின் மேல் கை வைத்துப் பார். சூடாக இருந்தால், நீ வருவதற்கு முன்பே ஒரு தடவை கிளப்பி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படி எழுந்திருக்கிறது என்பதை உன்னிடம் காட்ட அவர்களுக்கு விருப்பமில்லை. நீலப் புகை வந்துகொண்டே இருந்தால் ஆயில் எரிகிறது. பக்கெட்டைத் தரையில் ஊன்றி மெதுவாக ஆட்டச் சொல், மூட்டில் இருக்கிற இரும்புப் பின்னும் (pin) அதைச் சுற்றியுள்ள புஷ்ஷும் தேய்ந்திருந்தால் மூட்டு லொடலொட என்று ஆடுவது கண்ணுக்கே தெரியும். மீட்டர் 800 மணி நேரம் காட்டி, பெடல் ரப்பர் வழவழ என்று தேய்ந்திருந்தால் பெடலை நம்பு, மீட்டரை நம்பாதே. சக்கரத்துக்குப் பதிலாக ஓடுகிற ரப்பர் பட்டையில், அதுதான் டிராக், வெடிப்பு இருக்கிறதா என்றும் பார். அது சுமார் 1,500 மணி நேரம் தாங்கும், கல் தரை என்றால் அதற்கு முன்பே போய்விடும். ஜோடியாக மாற்றுகிற செலவு உன்னைத் திடுக்கிட வைக்கும்.

ஆபரேட்டரைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. தினமும் கிரீஸ் அடிக்கிறவரா என்று பார். அது பத்து நிமிட வேலை. அதைச் செய்யாதவர் வேறு எதையும் செய்ய மாட்டார்.

மரத்தடியில் மட்டும் வண்டியை நிறுத்த விடாதே. நிழல் என்று எல்லாரும் அங்கேதான் நிறுத்துவார்கள். மரத்தின் வேரில் பெரும்பகுதி மேல் அறுபது சென்டிமீட்டர் மண்ணுக்குள்தான் இருக்கிறது, கிளை முடிகிற இடத்தையும் தாண்டிப் போகும். ஈர மண்ணில் இரண்டு டன் ஏறி இறங்கினால் மண் இறுகி வேருக்கு மூச்சு முட்டும். மரம் உடனே சாகாது. இரண்டு மூன்று வருடம் கழித்து மேல் கிளை காயும்போது, யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது. உனக்குத் தெரியும்.

ஸ்கிட் ஸ்டீர் பற்றியும் கேட்டிருந்தாய், முன்னால் பக்கெட் வைத்து, நின்ற இடத்திலேயே திரும்புகிற சின்ன லோடர் வண்டி. அதன் கதை எனக்குப் பிடிக்கும். 1957இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கெல்லர் என்ற அண்ணன் தம்பி இருவர், வான்கோழிப் பண்ணைக்காரர் ஒருவருக்காகச் செய்த மூன்று சக்கர லோடரில் தொடங்கியது அது. கொட்டகையில் தூண்களுக்கு நடுவே வளைந்து திரும்ப வேண்டும், மேல்தளம் தாங்குகிற எடையிலும் இருக்க வேண்டும். அங்கே இடுக்கு முதலில் இருந்தது, வண்டி அதற்குப் பிறகு வந்தது. எங்கள் வீட்டில் வண்டி முதலில் வந்தது. ஆனால் ஸ்கிட் ஸ்டீர் திரும்பும்போது புல்தரையைப் பிய்த்துவிடும், போட்டு முடித்த தோட்டத்துக்குள் இறக்காதே.

ஒன்றரை டன் அளவில், டிராக்கை உள்ளே இழுத்துக்கொண்டால் 99 சென்டிமீட்டருக்கு ஒடுங்குகிற மினி பொக்லைன்கள் இருக்கின்றன. நீ கடைசியாக வேலை செய்த இருபது வீட்டின் சந்துகளையும் அளந்து எழுது. வாசலில் அளக்காதே, வழியிலேயே குறுகலான இடத்தில் அள. மீட்டர் பெட்டி, தண்ணீர்க் குழாய் எல்லாம் சுவரிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும், அதைக் கழித்துக்கொள்.

இந்தக் கடிதம் எழுதுவது அப்பாவுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறார். நேற்று அவருடைய பழைய அளவு டேப்பைத் தேடி எடுத்து, துடைத்து, மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். உனக்குத்தான், பார்சலில் வருகிறது. அதன் பூட்டு சரியாகப் பிடிக்காது, இழுத்ததும் கட்டைவிரலால் அழுத்திக்கொள். இல்லாவிட்டால் சர்ரென்று திரும்பிக் கையை அறுத்துவிடும்.

அன்புடன்,
அம்மா