செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், நம் நகரின் பெரியவர்கள், தாய்மார்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நம் நகர்க் குடியிருப்போர் சங்கம் செய்த வேலைகளைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன். போன வருஷ அறிக்கை இரண்டு பக்கத்தில் முடிந்தது. இந்த வருஷம் நீண்டுவிட்டது. காரணம் எல்லோருக்கும் தெரிந்த பெட்ரோல் பங்க் விஷயம்தான்.

முதலில் வழக்கமான காரியங்கள். செயற்குழு ஆறு முறை கூட்டப்பட்டது. அதில் இரண்டு முறை போதிய ஆள் வராமல் கலைந்தது. சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது. கண் பரிசோதனை முகாமுக்கு 64 பேர் வந்தார்கள். மூன்றாம் வீதியில் எரியாமல் கிடந்த விளக்குகள் மாற்றப்பட்டன. அத்திக்கடவுத் தண்ணீர் பன்னிரண்டு நாளுக்கு ஒரு தரம் வந்துகொண்டிருந்தது, இப்போது எட்டு நாளுக்கு ஒரு தரம் வருகிறது. பூங்கா இடத்தில் நட்ட வேப்பங்கன்றுகளில் பாதி பிழைத்திருக்கின்றன. தெருநாய்த் தொந்தரவு அப்படியேதான் இருக்கிறது.

இனி பெட்ரோல் பங்க் விஷயம்.

ஆகஸ்ட் மாதம் நம் நகருக்குள் நுழையும் முக்கில், மேல்புறக் காலி பூமியில் ஜேசிபி வந்து சீமைக்கருவேலத்தை வாரிப் போட்டது. குடோன் வருகிறது என்றார்கள். பாம்புத் தொல்லை போயிற்று என்று நாமெல்லாம் சந்தோஷப்பட்டோம். செப்டம்பர் முதல் வாரம் நாலு பேர் வந்து சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். அதில் ஒருவர், "டேங்க் இங்கதானுங்க வருது" என்று காலால் தட்டிக் காட்டியதை முக்குக் டீக்கடை அம்மா பார்த்துவிட்டு, அடுப்பை அணைத்து வைத்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு ஆரம்பித்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பெட்ரோல் பங்குக்கு எதிரி இல்லை. நம் நகரில் வண்டி இல்லாத வீடு கிடையாது. பல்லடம் வரைக்கும் போகாமல் பக்கத்திலேயே பெட்ரோல் கிடைத்தால் எனக்கும் வசதிதான். அந்த இடத்தில் வேண்டாம் என்பதுதான் நம் கோரிக்கை.

விதி என்ன சொல்கிறது என்பதைப் பலர் கேட்டீர்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரி 7-ஆம் தேதி ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பள்ளிக்கூடம், பத்துப் படுக்கையும் அதற்கு மேலும் உள்ள ஆஸ்பத்திரி, உள்ளூர்ச் சட்டப்படி குடியிருப்பு என்று குறிக்கப்பட்ட பகுதி, இந்த மூன்றிலிருந்தும் 50 மீட்டருக்குள் புதிய பங்க் வரக்கூடாது. வேறு வழியே இல்லை என்றால், வெடிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் பெசோ அமைப்பு சொல்கிற கூடுதல் ஏற்பாடுகளோடு தூரத்தைக் குறைக்கலாம். அப்போதும் 30 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது. எங்கிருந்து அளப்பது என்பதையும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். லாரியிலிருந்து எண்ணெய் இறக்கும் வாய், வண்டிக்குப் போடும் பம்பு, டேங்கின் ஆவிக்குழாய், இவற்றில் எது கிட்டத்தில் இருக்கிறதோ அதிலிருந்து அளக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மேஸ்திரி ஒருவரிடம் 30 மீட்டர் டேப் இரவல் வாங்கிக்கொண்டு, பத்தாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒருவன் டேப்பின் நுனியைச் சுண்ணாம்புக் கட்டத்தின் மேல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தான். டேப் தொய்ந்தால் தூரம் கூடுதலாகக் காட்டும் என்பதால் விறைப்பாக இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். டேப் முடிந்த இடத்தில் கல் வைத்து மறுபடி இழுத்தோம். முதல் வீட்டுக் காம்பவுண்டு 31 மீட்டர் 40 சென்டிமீட்டர். அங்கன்வாடி 44 மீட்டர். 50-க்குள் பதினொரு வீடுகள். எல்லாம் சரி, ஆனால் 30-க்குக் கீழே ஒரு வீடுகூட இல்லை. விலக்குக் கேட்டால் கிடைத்துவிடுமே என்று அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

செப்டம்பர் 23-ஆம் தேதி திங்கட்கிழமை, ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். நாற்பது பேர் வருவதாகப் பெயர் கொடுத்திருந்தீர்கள். இருபது பேர் உட்காரும் வேன் பேசியிருந்தேன். வந்தது ஏழு பேர், அதில் ஐந்து பேர் பெண்கள். ராத்திரி ஷிப்டு தறி ஓட்டிவிட்டுக் கண் சிவக்க நேராக வேனில் ஏறிய அம்மிணிகளை நான் மறக்க மாட்டேன். வேன் வாடகை ஏழு பேருக்கும் ஒன்றுதான், இருபது பேருக்கும் ஒன்றுதான்.

அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட வைத்தோம். அதோடு, பங்க் வைக்கக் கொடுத்த விண்ணப்பத்தில் இணைத்த வரைபடத்தைக் கேட்டு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு அனுப்பினேன். தீபாவளி கழித்துப் பதில் வந்தது. கவரைப் பிரித்ததும் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று, நம் நகரின் கீழ்புற வரிசை முழுவதும் 'காலி மனை' என்று எழுதியிருந்தது. அங்கே ஆறு வீடு கட்டிக் குடிவந்து வருஷம் எட்டாகிறது. இன்னொன்று, ஆவிக்குழாய். அதை டேங்குக்குப் பக்கத்தில் காட்டாமல், நம் பக்கத்துச் சுவரோரம் காட்டியிருந்தார்கள். நவம்பர் 10-ஆம் தேதி அதே டேப், அதே பையன்கள். அந்தப் புள்ளியிலிருந்து முதல் வீட்டுக் காம்பவுண்டு 19 மீட்டர் 20 சென்டிமீட்டர்.

இந்த ஒரு எண்தான் நம் வழக்கே. 19 மீட்டருக்கு விலக்கு கொடுக்க விதியில் வழியில்லை.

ஆவிக்குழாய்க்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டவர்களுக்காகச் சொல்கிறேன். லாரியிலிருந்து டேங்குக்கு எண்ணெய் இறங்கும்போது உள்ளே இருக்கிற ஆவி அந்தக் குழாய் வழியாக வெளியே வரும். அது காற்றைவிடக் கனம், தரையோடு படரும், பள்ளத்தைத் தேடும். அந்தப் பூமியைவிட நம் நகர் தாழ்வு. மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடி வருகிறது என்பதை வருஷா வருஷம் பார்க்கிறோம். பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் பட்டியலில் அது இருக்கிறது. அப்புறம், பூமிக்குள் புதைக்கிற டேங்க். எட்டு நாளுக்கு ஒரு தரம் வருகிற நல்ல தண்ணீரை விட்டால் மீதி நாளுக்கு நமக்குப் போர் தண்ணீர்தான். நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் சாயக்கழிவு என்ன செய்தது என்று பார்த்தவர்கள் நாம். 2011-இல் ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகும் கெட்டுப்போன கிணறு கெட்டதுதான். நிலத்தடி நீரைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நிலத்துக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் நம்மில் பலருக்குப் பங்காளி, சிலருக்கு மாமன் மச்சான். அதனாலேயே பலர் கையெழுத்துப் போடத் தயங்கினீர்கள். நான் இரண்டு தரம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினேன். "வாத்தியாரே, கெணத்துல தண்ணி இல்லீங்க, பூமி சும்மா கெடக்குது. மாச வாடக வந்தா பையன் கடன் அடையும். நானென்ன ஊரைக் கெடுக்கவா பாக்கறேன்?" என்று கேட்டார். கேட்டது நியாயம்தான், அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இதே சாலையில் தெற்கே தள்ளி, சுற்றி வீடே இல்லாத இடத்தில் அவருக்கு வேறு பூமி இருக்கிறது. அதைக் காட்டி விண்ணப்பம் மாற்றினால் சங்கமே ஆதரவுக் கடிதம் தரும் என்று சொன்னேன். யோசிக்கிறேன் என்றார். அவரோடு சம்பந்தம் கலந்தவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் எடுபடும்.

இப்போது, எனக்குச் சங்கடமான பகுதி.

'காலி மனை' என்று எழுதியது தப்பு என்று நிரூபிக்க நமக்குத் தேவைப்பட்டது இரண்டு. நம் மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறை கொடுத்த அங்கீகார வரைபடம் ஒன்று. அது இருந்தால்தான் இது சட்டப்படி குடியிருப்புப் பகுதி என்று காட்ட முடியும். அதை நம் முதல் தலைவர் வீட்டுப் பீரோவில், பழைய கல்யாணப் பத்திரிகைக் கட்டுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள், புண்ணியமாகப் போகட்டும். இரண்டாவது, 50 மீட்டருக்குள் இருக்கும் பதினொரு வீட்டின் வீட்டு வரி ரசீது நகல். ஒரு ஜெராக்ஸ் தாள், அவ்வளவுதான். முதல் நடையில் ஐந்து வீடு கொடுத்தது. மூன்றாவது நடையில் எட்டு ஆயிற்று. மீதி மூன்று வீடு இன்று வரைக்கும் கொடுக்கவில்லை. "நமக்கு எதுக்குங்க வம்பு" என்றார் ஒருவர். அவர் வீட்டுக் காம்பவுண்டுதான் அந்த 19 மீட்டர்.

வாத்தியார் தன் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளச் சங்கத்தை இழுத்து அலைகிறார் என்று ஒரு பேச்சு இருக்கிறது. என் காதுக்கும் வந்தது. என் வீட்டையும் அதே டேப்பால் அளந்தேன். 62 மீட்டர். விதி எனக்கு எந்தப் பாதுகாப்பும் தரவில்லை, நான் அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கிறேன். அந்த அங்கன்வாடியில் 21 குழந்தைகள் இருக்கின்றன. விதியில் பள்ளிக்கூடம் என்றுதான் இருக்கிறது, அங்கன்வாடி என்று இல்லை. அதனால் அந்தக் குழந்தைகளைக் காட்டி வாதாடவும் முடியாது. பக்கத்தில் இருக்கும் பதினொரு வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டைக் காட்டினால்தான் அந்தக் குழந்தைகளுக்கும் பாதுகாப்பு.

இப்போது நிலைமை இதுதான். வரைபடம், அங்கீகார நகல், எட்டு வீட்டு ரசீது, அளவு எல்லாம் சேர்த்து நவம்பர் 25-இல் இரண்டாவது மனு கொடுத்தோம். 2002-ஆம் வருஷத்துப் பெட்ரோலிய விதிகளின்படி பங்க் வைக்கத் தடையின்மைச் சான்று தருவதா மறுப்பதா என்று ஆட்சியர் மூன்று மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். வருவாய்த் துறை, தீயணைப்புத் துறை, நெடுஞ்சாலைத் துறை ஆகியோரின் அறிக்கைகள் வாங்கி முடிவெடுப்பார்கள். பிப்ரவரியில் இடத்தைப் பார்க்க வந்தார்கள். அந்தக் காம்பவுண்டு வரைக்கும் கூட்டிப்போய்க் காட்டினோம், குறித்துக்கொண்டார்கள். அந்தப் பூமி கணக்கில் இன்னும் புன்செய்தான், விவசாயம் அல்லாத உபயோகத்துக்கு மாற்றத் தனி அனுமதி வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஜனவரி 5-ஆம் தேதியோடு ஊராட்சித் தலைவர், உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்துவிட்டதால் இனி எதற்கும் தனி அலுவலரிடம்தான் போக வேண்டும். முடிவு இன்னும் வரவில்லை. சுண்ணாம்புக் கோடு மழையில் அழிந்துவிட்டது, மறுபடி போடவில்லை.

சந்தா. 138 வீடு, மாதம் 50 ரூபாய். முழுதாகக் கட்டியது 57 வீடு. பாதி கட்டியவர்கள் சிலர். மார்ச் மாதம் கூலிப் பிரச்சினையில் தறி நின்றபோது யாரிடமும் கேட்க வேண்டாம் என்று நானே பொருளாளரிடம் சொன்னேன், அது தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் இரண்டு வருஷமாக ஒரு ரூபாயும் கட்டாத வீடுகள் தறியை நம்பி இருக்கும் வீடுகள் இல்லை. மேலே மேலே மாடி எடுக்கும் வீடுகள். பெயர் சொல்ல வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை.

வரவு நாற்பதாயிரத்தை ஒட்டி. விளக்கு, பொங்கல் விழா, பூங்காக் காவல், முகாம்ச் செலவு போகக் கையிருப்பு சொற்பம். பங்க் விஷயத்துக்கு வேன், ஜெராக்ஸ், தபால், பஸ் எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம் சங்கக் கணக்கில் எழுதியிருக்கிறது. நான் தனியாகப் போய்வந்த நடைகளை எழுதவில்லை. கணக்குப் புத்தகம் பொருளாளரிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், கூட்டம் நடத்தத் தறிக்குடோனைத் திறந்துவிட்டவருக்கும், டீக்கடை அம்மாவுக்கும், வேனில் வந்த ஏழு பேருக்கும், டேப் பிடித்த இரண்டு பையன்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. பையன்களுக்கு இப்போதுதான் பொதுத்தேர்வு முடிந்திருக்கிறது, நல்ல மார்க் வரட்டும்.

அடுத்த வருஷத்தைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சான்று மறுக்கப்பட்டால் நல்லது. கொடுக்கப்பட்டால் சென்னை ஐகோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும். வக்கீலுக்குக் கொடுக்கக் கையிருப்பு பத்தாது. வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் என்று செயற்குழுவில் பேச்சு வந்தது, பொதுக்குழுதான் முடிவு செய்ய வேண்டும். எனக்கும் வயது 67. முழங்கால் வலியோடு ஆபீஸ் படி ஏறி இறங்குவது முன்போல முடியவில்லை. அடுத்த செயலாளர் யார் என்பதையும் இன்றைக்கே பேசுங்கள். கூட நாலு பேர் வருகிறோம் என்று எழுந்து சொன்னால், நான் இன்னும் ஒரு வருஷம் இந்தப் பையைத் தூக்கத் தயார்.

கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் உட்கார்ந்திருப்பார். வரி ரசீது தராத மூன்று வீட்டாரும் நகலை என்னிடம் கொடுத்துவிடுங்கள். திங்கட்கிழமை காலை ஆறரை மணி பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்