மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் பாடங்கள்

பழம்பிரெஞ்சுப் புனிதர் கதைப்பாடல்களைப் பதிப்பிக்கும் அறிஞர்களுக்கு,

வணக்கம். அம்மொழியை எழுத்துக்கூட்டிப் படிக்கும் வாசகன் நான். உங்கள் உழைப்பு இல்லையேல், அக்கதைப்பாடல்களில் ஒன்றின் நாயகனான புனித அலெக்சிஸ் எனக்கு வெறும் பெயர்தான். ஆனாலும் ஒரு மனக்குறை: சுவடியில் உள்ள சொற்களை அளவுக்கு மீறித் திருத்துகிறீர்கள்.

அலெக்சிஸ் பாடல் 11ஆம் நூற்றாண்டினது. ஐந்தடிச் செய்யுள்கள் 125. புகழ்பெற்ற படி 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில், செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தின், பைபிள் சங்கீதங்கள் அடங்கிய புத்தகத்துக்குள் எழுதப்பட்டது. 1872இல் பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பாரி சுவடிகளை ஒப்பிட்டு, அவற்றில் பொதுவாக வரும் பிழைகளைக் கொண்டு எது எதிலிருந்து வந்தது என்ற உறவுமுறை கண்டு, எழுத்துக்கூட்டல் உட்பட மூலத்தை மீட்டுருவாக்கினார். பிற்கால மறுஆக்கங்களையும் கூடவே அச்சிட்டார். அந்தப் பெருந்தன்மையை மறக்கக்கூடாது. என்றாலும் அவர் தந்த வடிவில் அப்பாடலை இடைக்காலத்தில் எவரும் படித்ததற்குச் சுவடிச் சான்று இல்லை.

1928இல் இன்னொரு பிரெஞ்சு அறிஞர் ஜோசப் பெதியே குட்டை உடைத்தார். சுவடிகளின் உறவைக் காட்டப் பதிப்பாசிரியர்கள் வரையும் வம்சாவளி மரங்களில் கிட்டத்தட்ட எல்லாமே இரண்டே கிளை! கிளை இரண்டானால் பெரும்பான்மை கிடையாது; பாடம், அதாவது சுவடியில் உள்ள சொல்வடிவம், முரண்படும் இடத்தில் தீர்ப்பு பதிப்பாசிரியர் கையில். ஒரு நல்ல சுவடியைப் பற்றிக்கொள்ளுங்கள் என்றார் அவர்.

பற்றிக்கொண்ட பிறகும் கை சும்மா இருக்கிறதா? இங்கிலாந்தில் எழுதப்பட்ட பிரெஞ்சுப் பாடல்களில் அசைக்கணக்கு அடிக்கடி பிசகும். உடனே ஓர் அசையைச் செருகுகிறீர்கள், இன்னொன்றைக் கத்தரிக்கிறீர்கள். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், கேம்ப்சி கன்னிமடத்தில் 13 புனிதர் கதைகள் கொண்ட ஒரு சுவடி இருந்தது. உணவு வேளையில் வாசிக்க என்று அதிலேயே குறிப்பு உண்டு. பார்க்கிங் மடத்துக் கன்னியர் கிளெமன்ஸ் எழுதிய புனித கேத்தரின் கதையும் அதில் அடக்கம். சாப்பாட்டு மேசையில் அந்தப் பெண்கள் கேட்டது இந்தக் கோணல் அடிகளைத்தான். நீங்கள் இழைத்துத் தந்ததை அல்ல.

அலெக்சிஸ் தன் தந்தை வீட்டிலேயே மாடிப்படிக்கு அடியில், மிச்சச் சோறு உண்டு, 17 ஆண்டுகள் அடையாளம் தெரியாமல் கிடந்தான். நீங்கள் ஒதுக்கிய சுவடிச் சொல்லும் பக்கத்தின் அடியில், பொடி எழுத்துக் குறிப்பில், அப்படித்தான் கிடக்கிறது.

படி எழுதியவரின் கை தவறியது உறுதியானால் திருத்துங்கள், மறுக்கவில்லை. யாப்பு இடறுகிறது என்பது மட்டுமே காரணமென்றால், அடியை இருந்தபடி மேலே விட்டுவிட்டு உங்கள் ஊகத்தைக் கீழே போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகன்