மேற்குக் கான்சாஸிலிருந்து அப்பாவுக்கு

20.10.2019

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? மாத்திரையைச் சாப்பிட்ட பிறகே போடச் சொல்லுங்கள்.

அங்கே வெள்ளாமை எப்படி என்று போனில் கேட்டீர்கள். அன்றைக்கு டூட்டி அவசரம். இன்று லீவு, சாவகாசமாக எழுதுகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியைச் சுற்றிச் சோளம்தான் அப்பா. இங்கே மைலோ என்பார்கள். நம் சோளம் ஆளை மறைக்கும், இது இடுப்பளவுதான். கதிர் செங்கல் நிறம். இப்போது அறுப்பு, ராத்திரி பத்து மணிக்கும் மெஷின் சத்தம் கேட்கிறது. இதை இங்கே சமைத்துச் சாப்பிடுவது அபூர்வம். மாட்டுத் தீவனத்துக்குப் போகும், பெட்ரோலில் கலக்கும் எரிசாராயத்துக்குப் போகும், சீனாவுக்கும் கப்பலேறும். போன வருஷம் அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் வரிச் சண்டை மூண்டதில் விலை படுத்துவிட்டது.

எனக்கு வீடு வாடகைக்குக் கொடுத்திருக்கும் பெரியவர் கவுண்டியின் பண்ணை அலுவலகத்துக்குப் போனபோது நானும் கூடப் போனேன். கவுண்டி என்றால் நம் தாலுகா மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மேஜையில் வானத்திலிருந்து எடுத்த வயல் படத்தை விரித்தார்கள். எந்தத் துண்டில் என்ன விதைத்தோம், எத்தனை ஏக்கர் என்று ஜூலை 15க்குள் விவசாயியே சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்தார் என்று எழுதும் நம்ம ஊர் அடங்கல்தான் நினைவுக்கு வந்தது.

சோளத்துக்கு ஒரு புஷலுக்கு, அதாவது 25 கிலோ சொச்சத்துக்கு, 3.95 டாலர் என்று 2018 பண்ணைச் சட்டத்திலேயே விலை எழுதியிருக்கிறது. வருஷச் சராசரி அதற்குக் கீழே இறங்கினால், இந்த விலைத் திட்டத்தில் சேர்ந்தவருக்கு வித்தியாசம் அடுத்த அக்டோபரில் வங்கியில் ஏறும். அதுவும் இந்த வருஷம் விதைத்த ஏக்கருக்கு இல்லை, அந்த நிலத்தின் பேரில் முன்பே பதிந்து வைத்த ஏக்கரில் 85 சதவீதத்துக்கு. வரிச் சண்டைக்கு ஈடாக இந்த 2019இல் வருவது தனி. ஏக்கருக்கு 15 டாலர் முதல் 150 வரை, கவுண்டிக்குக் கவுண்டி வேறு. இன்னொன்று கேட்டால் நம்பமாட்டீர்கள், விதைக்காமல் புல்லாக விட்டு வைத்தால் 10, 15 வருஷத்துக்கு அரசாங்கமே வாடகை தருகிறது. 1930களில் இந்தப் பக்கத்து மண் புழுதியாக எழும்பி வானத்தையே மறைத்ததாம். காற்றில் போகும் மண்ணைப் புல் பிடித்து வைக்கும்.

இதையெல்லாம் விட ஒரு விஷயம் என் மனசில் நிற்கிறது. பெரியவர் உழுவதில் பாதிக்கு மேல் குத்தகை நிலம். அப்படியானால் பணம் நிலக்காரருக்குத்தானே என்று கேட்டேன். இல்லை என்றார். ரொக்கக் குத்தகை என்றால் முழுப் பணமும் உழுகிறவருக்கு. விளைச்சலைப் பங்கு போடும் வாரக் குத்தகை என்றால் அதே கணக்கில் இதையும் பிரிப்பார்கள். பயிர் போனால் யாருக்கு நஷ்டமோ அவருக்கே பணம்.

அதைக் கேட்டதும் தொண்டை அடைத்துக்கொண்டது அப்பா. மத்திய அரசு விவசாயிகளுக்கு வருஷம் 6000 ரூபாய் தருகிறதாம் என்று நீங்கள் மனு கொடுக்கப் போனதும், பட்டா யார் பேரில் என்று கேட்டதும் பேசாமல் திரும்பியதும் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். 28 வருஷமாக அந்தக் கரிசலில் உழுதது நீங்கள். நிலக்காரருக்கு வரப்பு எங்கே என்றுகூடத் தெரியாது.

இங்கேயும் எல்லாம் நியாயம் என்று சொல்லமாட்டேன். பணம் வருவது தெரிந்ததும் குத்தகையை ஏற்றிவிடும் நிலக்காரர்கள் உண்டு. ஏக்கர் கணக்கில் கொடுப்பதால் பெரிய பண்ணைகளுக்கே நிறையப் போகிறது. ஆனாலும் உழுகிறவன் பேர் அந்தக் காகிதத்தில் இருக்கிறது.

சரி, நீங்கள் ஒன்று செய்ய வேண்டும். பயிர்க் காப்பீடு குத்தகைக்காரரும் போடலாம். இந்தப் பருவத்துக்கு நம் பங்கு அதிகபட்சம் 1.5 சதவீதம்தான். நிலக்காரரிடம் பேசி அடங்கலில் உங்கள் பேரை ஏற்றச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் நம்பரை அனுப்புங்கள், நானே பேசுகிறேன். கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள் அப்பா.

மழை விழுந்ததா? மேலக்காட்டில் சோளம் விதைத்தாயிற்றா, இல்லை உளுந்தா?

அன்புடன்,
உங்கள் மகள்