யோக்யகர்த்தா வாருங்கில் எங்களுக்கு உதவிய தங்கைக்கு நன்றி

போன வாரம் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில், மலியோபோரோ தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வாருங்கில் (சாப்பாட்டுக் கடை) பாயில் உட்கார்ந்து சாப்பிட்டபோது பக்கத்துப் பாயில் இருந்த தங்கைக்கு இந்தப் பதிவு. உங்கள் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அம்மா சுத்த சைவம். அந்த ஊர்ச் சாப்பாடான குடெக் என்றால் பலாக்காய்தானே, தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைப்பது, தேக்கிலை போடுவதால்தான் அந்தச் செம்பழுப்பு நிறம் என்றெல்லாம் படித்துவிட்டுத் தைரியமாக அதையே கொண்டுவரச் சொல்லிவிட்டேன். தட்டு வந்தது. சிவப்புக் குழம்பில் ஊறி, மெத்தென்று மடிந்து கிடந்த ஒரு துண்டை அம்மா வாய் வரைக்கும் கொண்டுபோய்விட்டார். அப்போதுதான் நீங்கள் கையை நீட்டித் தடுத்தீர்கள். அது கிரெச்செக், மாட்டுத்தோல். எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். நீங்களே எழுந்து போய்க் கடைக்கார அம்மாவிடம், பலாக்காயைக் கோழியோடு சேர்த்து வேகவைத்தார்களா, மிளகாய்ச் சம்பலில் தெராசி (அந்த இறால் விழுது வாசனையில் தெரியும், எல்லோருக்கும் தெரியாது) இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தீர்கள். கோழியோடுதான் வெந்ததாம். அப்புறம் சோறு, வறுத்த தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), டோஃபு, வெறும் பச்சைமிளகாய் என்று வேறு தட்டு வாங்கிக் கொடுத்தீர்கள். அம்மா இரண்டாம் முறை தெம்பே கேட்டு வாங்கினார்.

நான் காசு கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் நீங்கள் ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டீர்கள். உங்கள் மொழியிலேயே நன்றி சொல்கிறேன்: தெரீமா காசி, தங்கச்சி. அம்மாவும் சொல்லச் சொன்னார்.