கானும் சுண்ணாம்பும்: எங்கள் ஆலயத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

இலங்கை மலையகத்தின் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் தேயிலை மலைக்கு நடுவே நிற்கும் எங்கள் கருங்கல் ஆலயத்தின் திருத்த வேலையில் முதற்கட்டம் முடிந்துவிட்டது. வடக்குச் சுவர் காய்ந்திருக்கிறது. எங்கள் சபையில் ஐம்பது வயதுக்குட்பட்டவர்கள் எவரும் அந்தச் சுவரைப் பாசியில்லாமல் பார்த்ததில்லை.

முதல் நன்றியைப் பணம் தந்தவர்களுக்குச் சொல்வதே வழக்கம். அதை இம்முறை மாற்றுகிறேன். கொழும்பிலும் கனடாவிலும் இருக்கும் நம்மவர்கள் கோபிக்கமாட்டார்கள் என்ற தைரியம்தான். முதல் நன்றி கான், அதாவது மழைநீர் வடிந்தோடும் வாய்க்கால், வெட்டியவர்களுக்கு.

மலையின் மேற்குச் சரிவில் மே மாதம் பிடிக்கும் மழை செப்டெம்பர் வரை விடாது. மேலே உள்ள தேயிலையிலிருந்து இறங்கும் நீர் எங்கள் ஆலயத்தின் அத்திவாரத்தில்தான் வந்து தேங்கிக்கொண்டிருந்தது. சுவரில் ஏறிய ஈரத்துக்குக் காரணம் கூரையா, யன்னலா என்று நாங்கள் ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருந்தபோது, தோட்டத்தில் கான் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் ஆலயத்தின் பின்புறம் போய் நின்றார். வெற்றிலையை மென்றபடி சரிவைப் பார்த்தார். மற்ற இடமெல்லாம் வாடிக் கிடந்த தை மாதத்தில் ஒரு கோட்டில் மட்டும் பன்னம் (ஃபெர்ன் செடி) பச்சையாக இருந்தது. அங்கே தோண்டச் சொன்னார். முழங்கால் ஆழத்தில் கல் பதித்த பழைய கான் ஒன்று வந்தது. வண்டலும் வேரும் அடைத்து, கான் இருப்பதையே ஊர் மறந்துபோயிருந்தது.

அந்தக் கானைத் திறந்து, அதற்கு மேலே புதிதாக ஒன்றை வெட்டியவர்கள் பக்கத்து டிவிஷன்களின் (தோட்டப் பிரிவுகளின்) தொழிலாளர்கள். பேர் போட்டுவிட்டு, அதாவது தோட்டத்தில் அன்றைய வேலையை முடித்துவிட்டு வந்து, மாலை வேளையில் சம்பளமில்லாமல் செய்த வேலை அது. கானின் வாட்டம் கூடினால் நீர் மண்ணை அரித்துவிடும், குறைந்தால் வண்டல் தங்கிவிடும். அந்த அளவை அவர்கள் மட்டப்பலகை வைத்துப் பார்க்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது ஓடும் விதத்தைப் பார்த்தார்கள். மரபுரிமைப் பாதுகாப்பு என்ற பெரிய சொல்லின் கீழ் இந்த அறிவும் சேர வேண்டும் என்பது என் கட்சி. தன் நிலத்தில் கான் வெட்ட அனுமதித்த தோட்ட நிர்வாகத்துக்கும் நன்றி.

அடுத்து, மாத்தளைப் பக்கத்திலிருந்து வந்த முதிய மேசன் பாஸ் (கொத்தனார்). விகாரைகளின் பழைய சுவர்களில் சுண்ணாம்பு வேலை செய்து பழகிய சிங்களவர். எங்கள் சுவரின் கற்களுக்கிடையே எவரோ, எப்போதோ, நல்லெண்ணத்தோடு சீமெந்து அடைத்திருந்தார்கள். அதைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது சபையில் பாதிப் பேர் முகம் சுளித்தோம். பலமான சீமெந்தை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பா?

அவர் விளக்கியது இதுதான். கருங்கல் வழியாக ஈரம் வெளியேறாது. சுவருக்குள் புகுந்த நீர் வெளியே வர இருப்பது கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சாந்து மட்டுமே. அதைச் சீமெந்தால் அடைத்தால், மழைக்கோட்டை இறுகப் பூட்டிக்கொண்டு மலை ஏறுகிறவன் வியர்வையில் நனைவதுபோல, சுவர் உள்ளுக்குள்ளேயே நனைந்துகொண்டிருக்கும். சுவருக்குள் செருகியிருக்கும் உத்தர முனைகள் உளுத்துப்போவதும் அதனால்தான். ஓர் உத்தரத்தின் முனையை அவர் உளியால் தொட்டார். மரம் ஈரப் பிட்டாக உதிர்ந்தது. அதன் பிறகு யாரும் வாதாடவில்லை.

சுண்ணாம்பை நீற்றிக் குழியில் ஊறவிட்டு, ஒன்றுக்கு மூன்று மணல் சேர்த்து, பூசிய இடத்தில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டார்கள். சுண்ணாம்பு காற்றை உள்வாங்கித்தான் மெல்ல மெல்லக் கல்லாகிறது; அவசரப்பட்டு உலர்ந்தால் பொடிந்துவிடும். சாக்கு காயாமல் தண்ணீர் தெளித்தவர்கள் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். அவர்களுக்குத் தண்ணீர் என்றால் போதும், யாரும் ஏவத் தேவையில்லை.

தரை முழுவதும் டைல்ஸ், உள்ளே பிளாஸ்டிக் சீலிங், வெளியே பளபளக்கும் பெயின்ட் என்று மலிவான மதிப்பீட்டோடு வந்த ஒப்பந்தக்காரரை மரியாதையாகத் திருப்பி அனுப்பிய குருவானவருக்கும் இங்கே நன்றி சொல்ல வேண்டும். மலையகத்தில் ஓர் ஆலயம் ‘முன்னேறிவிட்டது’ என்பதற்கு டைல்ஸ்தான் அடையாளம் என்றாகிவிட்டது. இதை எதிர்த்து நிற்கத் துணிவு வேண்டும்.

வர்ணக் கண்ணாடி யன்னலின் ஈயப் பட்டிகளைத் திருத்தியவருக்கும், கூரைநீர் வடியும் பீலிகளை மாற்றிய தகர வேலைக்காரருக்கும், சுவரையும் கூர் வளைவுகளையும் உதைசுவர்களையும் அளந்து வரைபடம் தந்த கட்டடக்கலை மாணவர்களுக்கும் நன்றி. கூரைத் தகரத்துக்கு அடியிலுள்ள சட்டங்களில் வரிசையாக இருந்த ஆணித் துளைகளைக் கண்டு, முதலில் மரச் சில்லுகளால் வேய்ந்த கூரை இது என்று சொன்னவர்களும் அவர்களே.

தொல்பொருள் துறை அலுவலர் ஒருவருக்குத் தனி நன்றி. அரசாங்கம் பதிவு செய்தால் ஆலயத்தை எடுத்துக்கொள்ளும் என்று எங்களில் பலர் பயந்தோம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தை அவர் பொறுமையாக விளக்கினார். நூறாண்டு கடந்த கட்டடத்தை வர்த்தமானியில் (அரசிதழில்) பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்க அதில் இடமுண்டு. அறிவித்த பின் அனுமதியில்லாமல் இடிக்கவோ மாற்றவோ முடியாது, ஆனால் ஆராதனை நிற்காது. எங்கள் விண்ணப்பம் இப்போது போயிருக்கிறது.

‘வெள்ளைக்காரன் கட்டிய கோயிலுக்கு நாம் ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்?’ என்று கேட்ட இளைஞர்களுக்கும் நன்றி. நல்ல கேள்வி. நுவரெலியாவின் பரிசுத்த திரித்துவ ஆலயம் 1852ஐச் சேர்ந்தது. எங்கள் பள்ளத்தாக்கின் வோர்லி கிறிஸ்து ஆலயம் 1878ஐச் சேர்ந்தது. 1869இல் தொடங்கிய இலைநோய், தேயிலைக்கு முன் இந்த மலையில் இருந்த கோப்பியைத் தின்றுகொண்டிருந்த காலத்திலும் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் ஆலயம் கட்டினார்கள். பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்தில் 1879இல் இறந்த புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரனின் கல்லறையைப் பார்க்க வெளிநாட்டார் வருகிறார்கள். கல் உடைத்துச் சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

ஆனால் பதிவேட்டில் இருக்கிறது. தோட்டத் தமிழர்களுக்கான அங்கிலிக்கன் மிஷன் 1854இலேயே தொடங்கிவிட்டது. எங்கள் ஞானஸ்நானப் பதிவேடுகளில் பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தோட்டம், டிவிஷன் என்று வரிவரியாக நம் முன்னோர். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, இங்கேயே வாழ்ந்தோம் என்பதற்குத் தாள் காட்ட வேண்டிய நிலை வந்தபோது, இத்தகைய ஒரு வரிக்கு எவ்வளவு பெறுமதி என்று பெரியவர்களைக் கேட்டால் தெரியும். பூச்சி அரித்த அந்த ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, வாசிக்க முடிந்ததை எல்லாம் பெயர்த்தெழுதிய ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கேள்வி கேட்ட பையன்களில் ஒருவன் தன் பாட்டனின் பாட்டனை அதில் கண்டுபிடித்துவிட்டு, மறுநாள் சுண்ணாம்பு மூட்டை தூக்க வந்தான்.

இனி, பணம் தந்தவர்களே, உங்களுக்கு. மாதச் சம்பளத்தில் பிடித்துக் கொடுத்த கொழுந்துப் பெண்களின் காசும், வெளிநாட்டிலிருந்து வந்த காசும் ஒரே கணக்கில் இருக்கின்றன. வரவு செலவு முழுவதும் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. சந்தேகமிருந்தால் பொருளாளரைக் கேட்கலாம்.

கோபுரத்தின் மேற்கு முகம் பாக்கி. அதற்கான சுண்ணாம்பு இப்போதே குழியில் ஊறுகிறது. தை மாதம் மழை ஓய்ந்ததும் தொடங்குவோம். கானில் வண்டல் அள்ளுவது மட்டும் வருடாவருடம் உண்டு. வருகிறவர்கள் மம்பட்டி கொண்டுவந்தால் நல்லது, எங்களிடம் இருப்பவை போதாது.

இப்படிக்கு,
ஆலயப் பராமரிப்புக் குழுவின் சார்பில்,
செயலாளர்