அப்பாவின் ஹெர்குலிஸும் கிரில் பட்டறையும்

பீளமேடு, கோவை
ஆடி முதல் வாரம்

அன்புள்ள மணி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. தங்கைக்கு மூட்டுவலி தணிந்து, மறுபடியும் குனிந்து கோலம் போட முடிகிறது என்று படித்ததும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே யாவரும் நலம். மூத்தவள் ஓசூருக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டாள். பேரன் இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. மில்லில் என்னோடு இருந்தவர்களில் பாதிப் பேர் சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டார்கள்; மீதிப் பேர் சாயங்காலம் டீக்கடையில் சர்க்கரை அளவைப் பற்றிப் பேசுகிறோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்துவிட்டது. விடுதி ஜன்னலோடு இரவெல்லாம் சண்டை போட்ட உனக்கு அதைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை.

இனி சைக்கிள் விஷயம்.

உன் அப்பாவின் ஹெர்குலிஸ் சைக்கிளைப் பரணிலிருந்து இறக்கிவிட்டாய் என்பது நல்ல செய்தி. ஆனால் ஃப்ரேமுக்கு மட்டும் பெயிண்ட் அடித்துத் தர 18,000 ரூபாய் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். அந்தப் பணத்துக்கு இரண்டு புது வண்டி வாங்கலாம். கேட்டவரைக் குறை சொல்லவில்லை. அவரிடம் வருகிறவர்கள் பழைய வண்டியை வரவேற்பறையில் நிறுத்தி அழகு பார்க்கிறவர்கள். நீ அதை ஓட்டிக்கொண்டு வெளிப்பாளையம் கடைத்தெருவுக்குப் போய்க் கீரை வாங்கப் போகிறாய். உனக்கு வேண்டியது நாகப்பட்டினத்து உப்புக்காற்றுக்கு ஈடுகொடுக்கும் பூச்சு. அதற்கு அவ்வளவு பணம் ஆகாது. என் மாமாவின் பழைய சைக்கிளுக்குப் பூச்சுப் போட நான் செய்த செலவு மொத்தமும் அதில் கால் பங்குகூட வராது.

பெயிண்டை உரிப்பதற்கு முன்னால், உரிக்கத்தான் வேண்டுமா என்று பார். 1949-இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் செய்த வண்டி அது. அந்தக் காலத்துக் கறுப்பு எனாமல் லேசில் போகாது. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துப் பார். தங்கக் கோடுகள் இருக்கும் இடத்தில் கையை மெதுவாக வை. மேலே இருக்கும் வார்னிஷ் மெல்லியது, கார் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் கோடும் சேர்ந்து போய்விடும். பாதிக்கு மேல் பழைய பூச்சு தேறினால் அப்படியே விட்டுவிட்டு மெழுகு மட்டும் பூசு. பழைய பெயிண்டை ஒரு நாளில் உரித்துவிடலாம், திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது.

ஆனால் நீ அனுப்பிய படத்தில் பெடல் அச்சுக்கு அடியிலும், பின்சக்கரத்துக்குப் போகும் குழாய்களிலும் துரு பொரிந்து நிற்கிறது. அதனால் உன் வண்டிக்குப் புதுப் பூச்சுதான் என்று நினைக்கிறேன்.

மூன்று வழி உண்டு. எல்லாவற்றிலும் மலிவானது பிரஷ். உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே கறுப்பு எனாமல் இரண்டு கை. சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். கீறல் விழுந்தால் நீயே தொட்டுக்கொள்ளலாம். ஆடியில் மட்டும் ஆரம்பிக்காதே. அம்மியைத் தூக்குகிற காற்று தெருப்புழுதி முழுவதையும் ஈர எனாமலில் கொண்டுவந்து ஒட்டிவிடும். இரண்டாவது, காருக்கு ஸ்பிரே அடிக்கும் கடை. பளபளப்பு அற்புதமாக வரும். ஆனால் கார்க்காரர்களுக்குச் சைக்கிள் குழாய் ஒரு தொந்தரவு: சுற்றிச் சுற்றி அடிக்க வேண்டும், பாதி பெயிண்ட் காற்றில் போகிறது, அதனால் விலையும் ஏறுகிறது. இங்கே என்னிடம் 5,500 சொன்னார்கள். பெயிண்ட் இறுக அவர்கள் இப்போது கலக்கும் ஹார்டனர் சுவாசத்துக்குக் கெடுதல், ஆகவே அதை வாங்கி வந்து திண்ணையில் நீயே அடிக்கும் யோசனையும் வேண்டாம்.

நான் போனது மூன்றாவது வழி. ஜன்னல் கிரில்லுக்கும் இரும்பு பீரோவுக்கும் பவுடர் கோட்டிங் செய்யும் பட்டறை.

அங்கே நடப்பதைப் பார்க்க உனக்குப் பிடிக்கும், பள்ளிக்கூட பௌதிகம்தான். பெயிண்ட் பொடிக்கு மின்னேற்றம் கொடுத்து, தரையோடு இணைத்துத் தொங்கவிட்ட ஃப்ரேமின் மேல் ஊதுகிறார்கள். குழாயின் பின்பக்கத்துக்கும் பொடி தானாக வளைந்துபோய் ஒட்டிக்கொள்கிறது. பிறகு 180 முதல் 200 டிகிரி வரை சூடான அடுப்பில் பத்து இருபது நிமிடம். பொடி உருகி வெல்லப்பாகு போலப் பரவி இறுகுகிறது. குழாய்களை இணைத்திருக்கும் பித்தளைப் பற்று இந்தச் சூட்டை உணரவே உணராது, அது உருக 900 டிகிரியை நெருங்க வேண்டும். ஆனால் யாராவது எப்போதோ பட்டி பூசிப் பள்ளத்தை மறைத்திருந்தால் அது அடுப்பில் நிற்காது. பள்ளம் ஆழமாக இருந்தால் கேஸ் வெல்டிங்காரரிடம் முன்கூட்டியே பித்தளை ஊதி அடைத்துவிடு.

விலை குறைவதற்குக் காரணம் எளிது. நிறம் மாற்றினால் அவர்கள் பொடி ஊதும் கூண்டு முழுவதையும் துடைத்து எடுக்க வேண்டும். அதனால் ஒரே ஒரு ஃப்ரேமுக்காக நிறம் மாற்றச் சொன்னால் அந்தக் கூலியும் உன் தலையில்தான். கறுப்பு கிரில் ஓடுகிற நாளில் உன் ஃப்ரேமையும் ஓரமாகத் தொங்கவிடச் சொல். ஃப்ரேம், முன் ஃபோர்க், இரண்டு மட்கார்டு, செயின் கவர் எல்லாவற்றுக்கும் துரு எடுப்பது உட்பட நான் கொடுத்தது 2,200 ரூபாய். அவசரம் காட்டாதே. நம் வயதில் அவசரம் எதற்கு?

பொடியிலும் தரம் உண்டு என்பதைப் பட்டறைக்காரர் கேட்காமல் சொல்ல மாட்டார். பீரோவுக்குப் போடும் பொடியில் எபாக்சி கலந்திருக்கும். வெயில் பட்டால் வெளுத்துச் சுண்ணாம்பு பூத்துவிடும். வெளிப்புறத்துக்கான சுத்த பாலியெஸ்டர் பொடிதான் வேண்டும் என்று கேள். உன் ஊர் கடலோரம், ஆகவே அதற்கு அடியில் ஒரு பிரைமர் பொடியும் போடச் சொல். கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள், கொடு. இந்த வேலையில் நான் கஞ்சத்தனம் பார்க்காத ஓர் இடம் அது. பவுடர் கோட்டிங்குக்கு இருக்கிற ஒரே பெரிய குறை, ஓரிடத்தில் சில்லுப் பெயர்ந்தால் உப்பு உள்ளே நுழைந்து பூச்சுக்கு அடியிலேயே துரு ஊர்ந்துகொண்டு போகும், மேலே ஒன்றும் தெரியாது. பொடியை ஒட்டுப்போட்டுச் சரிசெய்யவும் முடியாது.

துரு எடுப்பதில்தான் நீ கூடவே நிற்க வேண்டும். சில பட்டறைகளில் அமிலத் தொட்டியில் முக்குவார்கள். கிரில்லுக்கு அது சரி. சைக்கிள் குழாய்க்குள் அமிலம் புகுந்து தங்கினால் உள்ளிருந்து அரிக்கும். மணல் ஊதி எடுப்பதே நல்லது. திருச்சிப் பக்கம் துவாக்குடியில், பாய்லர் செய்யும் பெல் தொழிற்சாலைக்கு வேலை செய்யும் சிறு பட்டறைகள் நிறைய இருக்கின்றன, உனக்குக் கோவையைவிட அது கிட்டம். ஆனால் அவர்கள் கைப்பழக்கம் பாய்லர் தகட்டோடு. சைக்கிள் குழாயை அந்த வேகத்தில் ஊதினால் மெலிந்துவிடும். காற்றழுத்தத்தைக் குறைத்து, சன்ன மணலில் ஊதச் சொல். ஊதும்போது பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்காதே, அந்தத் தூசி நுரையீரலைக் கெடுத்துவிடும். ஊதி முடித்த வெற்று இரும்பு உங்கள் ஊர்க் காற்றில் ஓர் இரவு கிடந்தாலே சிவந்துவிடும். அதனால் ஊதுவதும் பொடி போடுவதும் ஒரே நாளில் நடக்கும்படி பேசி வை.

கொடுப்பதற்கு முன் வண்டியை முழுக்கப் பிரிக்க வேண்டும். பெடல் கையை, அதாவது கிராங்கை, அச்சோடு பூட்டும் காட்டர் பின்னைச் சுத்தியலால் விளாசாமல், முதல் நாளே மண்ணெண்ணெய் விட்டு ஊறவை. அடிக்கும்போது கிராங்குக்கு அடியில் கட்டை முட்டுக்கொடு. பெடல் அச்சின் பேரிங் கப்புகளில் செயின் பக்கத்துக் கப்பு இடமரை, கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். கழற்றிய தேய்ந்த கப்புகளை எறியாதே. துடைத்து, மறுபடி மரையில் மாட்டிக் கொடுத்தால் மணலும் பொடியும் மரைக்குள் போகாமல் காக்கும், பூச்சு முடிந்ததும் புதுக் கப்பு போட்டுக்கொள்ளலாம். குழாய்க்குள் இருக்கும் பழைய கிரீஸை ஒரு பொட்டு இல்லாமல் வழித்துவிடு. மிச்சம் இருந்தால் அடுப்பில் கொதித்து வெளியே வழிந்து பூச்சைக் கொப்புளமாக்கும். துருப் பிடிக்காமலிருக்க உள்ளே எண்ணெய் விட்டு உருட்டுவதை எல்லாம் முடிந்த பிறகு செய்.

சீட்டுக்குக் கீழே எண் பொறித்திருந்தால், காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு நகல் எடுத்துக்கொள். பொடி கனமாக விழுந்தால் எழுத்து மூடிவிடும். முன்கழுத்தில் இருக்கும் உலோகச் சின்னத்தையும், அந்தக் காலத்துச் சைக்கிள் வரிக்கு முனிசிபாலிட்டி கொடுத்த வில்லை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால் அதையும் பத்திரமாக எடுத்து வை. பொடி ஊதுகிறவரிடம் குழாய்கள் கூடும் உள்முடுக்குகளில் முதலில் அடிக்கச் சொல். மின்னேற்றப் பொடி அந்த இடுக்குகளுக்குள் இறங்கத் தயங்கும், கடைசியில் அடித்தால் மெல்லிதாக நிற்கும். துரு முதலில் தலைகாட்டுவதும் அங்கேதான்.

மிச்சமான பணத்தில் கொஞ்சத்தைத் தங்கக் கோட்டுக்குச் செலவிடு. கோடு இல்லாத ஹெர்குலிஸ் வெறும் கறுப்புக் குழாய். ஸ்டிக்கர் வாங்கி ஒட்டலாம்தான், எனக்குப் பிடிக்காது. ஃப்ளெக்ஸ் பேனர் வந்த பிறகு வேலை இழந்த போர்டு எழுதுகிறவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். இங்கே நான் கண்டுபிடித்தவர் இப்போது லாரிகளுக்கு எண் எழுதிப் பிழைக்கிறார். கோடு விழ வேண்டிய இடத்தை மட்டும் 800 எண் உப்புத்தாளால் தண்ணீர் விட்டு லேசாக மங்கவைத்தார், தங்கப்பொடியை வார்னிஷில் குழைத்தார், நீண்ட அணில்முடித் தூரிகையைக் குழாயின் மேல் படுக்கவைத்து மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பு. அளவுகோல் வைக்கவில்லை. சுண்டுவிரலைக் குழாயின் விளிம்பில் ஓடவிட்டதுதான் அவருக்கு அளவுகோல். 300 ரூபாய் கேட்டார், 500 கொடுத்தேன். காய்ந்ததும் கோட்டின் மேல் தெளிந்த வார்னிஷ் ஒரு கை பூசு, இல்லாவிட்டால் தங்கப்பொடி காற்றுப்பட்டுக் கறுத்துவிடும்.

ஹாண்டில் பாருக்கும் ரிம்முக்கும் குரோம் முலாம் மறுபடி போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். நல்ல முலாம் விலை அதிகம், மலிவு முலாம் உன் ஊரில் ஒரு மழைக்காலம் தாண்டாது. சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய். மேலோட்டமான துரு போய்விடும். மீதிப் புள்ளிகள் இருந்துவிட்டுப் போகட்டும்.

துவாக்குடியில் இடம் அமையவில்லை என்றால் ஃப்ரேமையும் ஃபோர்க்கையும் மட்டும் சாக்கில் சுற்றி லாரி பார்சலில் எனக்கு அனுப்பிவிடு. சக்கரங்களை அங்கேயே கோட்டம் எடுக்கக் கொடு. இங்கே பட்டறையில் மாதக் கடைசியில் கறுப்பு ஓடுவது வழக்கம், நான் போய்க் கூட நின்றுகொள்கிறேன். தங்கையிடம் சொல், தைக்கு நாங்கள் இருவரும் வருகிறோம், நாகூருக்கும் ஒரு நடை போய்வர வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்

பி.கு.: டயர் 28 x 1½ என்று பக்கவாட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து எழுது. இங்கே டவுன்ஹால் பக்கத்துக் கடையில் அந்த அளவு இன்னும் கிடைக்கிறது, ஒரு ஜோடி வாங்கி வைக்கிறேன்.